பச்சை விளக்கு எரியவில்லை

அத்தியாயம் 17

போன வாரம் கார்த்திகேசு வாயை மூடிக்கொண்ட இடத்தில் கதையை நிறுத்தியிருந்தேன். அவர் இன்னும் திறக்கவில்லை. நான் என்ன செய்வேன், மனிதர் அப்படி.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஸ்காட் ரோட்டுக்குப் பின்னால் குடியிருக்கும் கார்த்திகேசு, ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஒரே மகள் ரமணி, கிள்ளானில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். நவராத்திரி தொடங்கிய அன்று அவள் அப்பாவிடம் ஜெயராஜைப் பற்றிச் சொன்னாள். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன், ரவாங்கில் வளர்ந்தவன், தாத்தா காலத்தில் ரப்பர் தோட்ட வேலைக்கு வந்த குடும்பம், கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

கார்த்திகேசு கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"ஏன், பிரிக்ஃபீல்ட்ஸில பொடியங்களே இல்லையோ?"

பிறகு, "விஜயதசமி அண்டைக்குப் பதில் சொல்லுறன்" என்றார். அதோடு மகளிடம் பேச்சு நின்றது.

முழுக்க நின்றது என்று சொல்ல முடியாது. மனைவி புனிதவதி வழியாகப் போய்க்கொண்டிருந்தது. "அவளிட்டச் சொல்லு, மழை வரும்போல கிடக்கு, குடையைக் கொண்டுபோகச் சொல்லி" என்பார். ரமணி பக்கத்து நாற்காலியில்தான் இருப்பாள். "சரின்னு சொல்லுங்கம்மா" என்பாள். நடுவில் நின்று நின்று புனிதவதிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஜெயராஜ் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று ரமணி அவனிடம் ஒரு தடவை கேட்டிருந்தாள். "எங்க வீட்டை நான் பாத்துக்கறேன், நீ உங்கப்பாவைக் கவனி" என்று அவன் சொல்லிவிட்டான். இதை மறந்துவிடாதீர்கள்.

இன்று விஜயதசமி.

*

சரஸ்வதி படத்துக்கு முன்னால் முந்தாநாள் சாயங்காலத்திலிருந்தே எல்லாம் அடுக்கி வைத்திருந்தது. ரமணியின் பழைய பள்ளிப் புத்தகங்கள், கார்த்திகேசு கரண்ட் பார்க்கிற டெஸ்ட் பென், புனிதவதியின் தையல் கத்தரிக்கோல், அகப்பை. எல்லாவற்றுக்கும் மேலே, பட்டுத்துணியில் சுற்றிய ஒரு லேப்டாப்.

அது ரமணியுடையது அல்ல. கம்பெனி முதலாளி லிம் போன மாதம் வாங்கியது, கம்பெனிக்கே அது ஒன்றுதான். அதைப் பூஜையில் வைப்பதற்கு ரமணி முதலில் சம்மதிக்கவில்லை.

"அம்மா, அது ஆபீஸ் சாமான் லா."

"கரண்டியை வைக்கிறம், கத்தரிக்கோலை வைக்கிறம். உனக்குச் சோறு போடுறதை வைக்காம விடலாமோ? உன்ர முதலாளி மேசையிலயும் சாமி இருக்கு, ஆரஞ்சுப்பழம் இருக்கு எண்டு நீதானே சொன்னனீ. அவர் கோவிக்க மாட்டார்."

அந்தப் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. லேப்டாப் சாமிக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. இனி விஜயதசமி காலையில் பூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது.

இன்று இரண்டு மணிக்கு மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்கு ரமணி போகவேண்டும். அவர்களுக்காக அவள் வரைந்த புதுப் பெட்டிகளின் படங்களைக் காட்டவேண்டும். கம்பெனி அவளை முதல்முறையாகத் தனியாக அனுப்புகிறது. படங்கள் முழுக்க அந்த லேப்டாப்புக்குள் இருந்தன. டிஸ்கெட்டில் அடங்காத அளவுக்குப் பெரிய படங்கள்.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று புனிதவதிக்கு மட்டும் தெரியும். நேற்றுச் சாப்பிடும்போது கார்த்திகேசு சொல்லியிருந்தார்.

"விஜயதசமி அண்டைக்கு அவள் தொடங்கிற காரியம் எப்பிடிப் போகுதெண்டு பார்ப்பம். அது நல்லாப் போனால் இதுவும் நல்லாப் போகும்."

சகுனம் பார்க்கிறவன் முட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற மனிதர்தான். மகள் விஷயம் வந்ததும் இப்படி ஆகிவிட்டார். புனிதவதி அதற்குப் பிறகு ஒரு பருக்கை சாப்பிடவில்லை.

*

பூஜை முடிந்தது. வருஷா வருஷம் செய்வதுபோல ரமணி தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் 'அ' எழுதினாள். இருபத்தாறு வயதிலும் அம்மா விடுவதில்லை. பிறகு லேப்டாப்பை எடுத்து, மேலே வைத்திருந்த சந்தனப் பொட்டுகளை ஈரத் துணியால் துடைத்து, கண்ணை மூடிப் பட்டனை அழுத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அழுத்தினாள். விரல் வலிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது, மூச்சே இல்ல! பேட்டரி இறங்கிருச்சு போல." வயரைக் கொண்டுவந்து சுவரில் செருகி, மறுமுனையை லேப்டாப்பின் பின்பக்கத்தில் செருகினாள். அப்போதும் அது கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது.

கூடத்தில் கார்த்திகேசுவின் செய்தித்தாள் கொஞ்சம் கீழே இறங்கியது.

"புனிதம், அவளிட்ட கேள். பச்சை லைட் எரியுதோ?"

"எரியலன்னு சொல்லுங்கம்மா."

"எரியேல்லையாம்."

"எனக்குக் காது கேக்கும்." செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். பழுது என்று காதில் விழுந்தால் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது. ஓய்வு பெற்ற பிறகு அக்கம்பக்கத்து வீட்டு மின்விசிறிகளை எல்லாம் கழற்றிப் பார்த்துவிட்டார். "அவளைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு."

முதலில் சுவரில் கரண்ட் வருகிறதா என்று மேசை ஃபேனைச் செருகிப் பார்த்தார். ஃபேன் சுற்றியது. பிளக்கைத் திறந்து ஃபியூஸை மாற்றினார். வயருக்கு நடுவில் இருக்கிற கறுப்புக் கட்டியைத் தொட்டுப் பார்த்தார். அதில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இதுவரைக்கும் கரண்ட் வருது. இதுக்கங்கால போகுதில்லை. புனிதம், அவளிட்ட கேள், எங்கயாவது கீழ போட்டவளோ?"

"சத்தியமா போடலன்னு சொல்லுங்கம்மா!" ரமணி வயரின் முனையைக் காட்டினாள். "அம்மா, இந்த முனை முழுசா உள்ள போகலன்னும் சொல்லுங்க. முன்னாடி நல்லா போகும்."

கார்த்திகேசு அந்த முனையைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். "புதுச் சாமான். இறுக்கமாத்தான் இருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். முப்பது வருஷ அனுபவம் உள்ளவர் சொன்னால் யார் எதிர்த்துப் பேசுவது?

அந்த நிமிஷம்தான் புனிதவதிக்கு முந்தாநாள் சாயங்காலம் ஞாபகம் வந்தது.

காருக்குப் பூஜை போட்டால் முன்னால், பின்னால், பக்கத்தில் என்று எல்லா இடத்திலும் பொட்டு வைப்பதில்லையா? அவளும் அன்று சாயங்காலம் லேப்டாப்பை எடுத்து, நாலு பக்கமும் திருப்பி, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொட்டு வைத்தாள். பின்பக்கத்தில் எங்கே வைப்பது என்று பார்த்தபோது ஒரு வட்ட ஓட்டை தெரிந்தது. பொட்டுக்கென்றே செய்துவைத்த மாதிரி இருந்தது. விரல் நிறையச் சந்தனத்தை எடுத்து அதில் நன்றாக அழுத்தி வைத்தாள். இப்போது அது காய்ந்து கட்டியாகியிருக்கும்.

வாயைத் திறந்து சொல்லிவிட்டால் முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். ஆனால் மகளுக்குக் கிடைக்கப்போகிற பதில் இன்றைய காரியத்தில் தொங்குகிறது. அந்தக் காரியத்தையே பெற்ற தாய் கெடுத்துவிட்டாள் என்று புருஷனிடம் எப்படிச் சொல்வாள்? சாமியே உன் கையால் தடுத்துவிட்டார் என்று அவர் சொல்லிவிட்டால்?

"அம்மா, வேற வழியில்ல" என்றாள் ரமணி. "ஜெய்க்குப் பேஜ் பண்றேன்."

*

ஜெயராஜ் அன்று பங்சாரில் ஒரு ஆபீஸில் வேலையாக இருந்தான். பேஜர் அடித்ததும் பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டான். கொஞ்ச நேரத்தில் வாசலில் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது.

அந்த வீட்டுக்குள் அவன் கால் வைப்பது இதுதான் முதல்முறை. ஷூவைக் கழற்றி, கார்த்திகேசுவின் செருப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"வணக்கம் அங்கிள்."

கார்த்திகேசு அவனை மேலும் கீழும் பார்த்தார். யார் என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மகளின் முகம் சிவந்ததைப் பார்த்தாலே போதும்.

"புனிதம், வந்தவரை இருக்கச் சொல்லு."

ஜெயராஜ் ரமணியைப் பார்த்தான். ரமணி கூரையைப் பார்த்தாள். பயலுக்குச் சட்டென்று விஷயம் பிடிபட்டுவிட்டது.

"ஆன்டி, பரவால்லன்னு அங்கிள்கிட்ட சொல்லுங்க. முதல்ல மெஷினைப் பாத்துடறேன்."

"இருக்க வேண்டாமாம்" என்றாள் புனிதவதி, பாதி உயிரோடு.

"சரி. அவரிட்டச் சொல்லு. சுவரில கரண்ட் இருக்கு. ஃபியூஸ் மாத்தியாச்சு. கறுப்புக் கட்டியில லைட் எரியுது."

"ஆன்டி, அங்கிள் பாதி வேலைய முடிச்சு வச்சிருக்காங்கன்னு சொல்லுங்க."

கார்த்திகேசுவின் மீசை லேசாக அசைந்தது. ரமணி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். நானாக இருந்தால் அந்த வீட்டிலிருந்து தலை தெறிக்க ஓடியிருப்பேன். ஜெயராஜ் நிதானமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயரைக் கழற்றி, லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தான்.

"டார்ச் இருக்கா ஆன்டி?"

கார்த்திகேசு தன் ரயில்வே டார்ச்சை மேசைமேல் அவன் பக்கமாகத் தள்ளினார். அவன் அதை அடித்து அந்த வட்ட ஓட்டைக்குள் பார்த்தான்.

உள்ளே மஞ்சளாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது.

அவன் தலையைத் தூக்கினான். கார்த்திகேசுவின் நாற்காலிக்குப் பின்னால் புனிதவதி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையையும் நெஞ்சோடு கூப்பிக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"என்ன ஜெய், மதர்போர்டா?" ரமணி பதறினாள்.

"இல்ல... தெரியல. இங்க வெளிச்சம் பத்தல. ஆன்டி, குசினியில வச்சுப் பாக்கலாமா? ரமணி, நீ போய்ப் புடவை மாத்து. நேரமாச்சு."

*

சமையலறைக் கதவு சாத்தியதோ இல்லையோ, புனிதவதி உடைந்துவிட்டாள்.

"தம்பி, நான்தான். எல்லாப் பக்கமும் பொட்டு வைக்க வேணுமெண்டு..."

ஜெயராஜ் சிரிக்கக்கூடாது என்று எவ்வளவோ முயன்றான், முடியவில்லை. தோள் குலுங்கியது.

"அழாதீங்க ஆன்டி. போன வருஷம் எங்கம்மா என் மோட்டார்சைக்கிள்ல சாவி போடுற ஓட்டைக்குச் சந்தனம் அப்பி, மேல குங்குமம் வேற வச்சுட்டாங்க. நான் பாதி வாரம் பஸ்லதான் வேலைக்குப் போனேன். கேட்டா, பஸ்ல போனா மழையில நனையாம போகலாமேங்கறாங்க."

புனிதவதிக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இவருக்குத் தெரியக்கூடாது தம்பி. இண்டைக்கு அவள் தொடங்கிற காரியம் எப்பிடியோ, பதிலும் அப்பிடித்தான் எண்டு சொல்லிப்போட்டார். நானே என்ர பிள்ளையின்ர வாழ்க்கையில சந்தனத்தை அடைச்சிட்டன்."

"அதான் எடுத்துடப் போறோமே. பல்குச்சி இருக்கா? ஸ்பிரிட் மாதிரி எதுவும் இருக்கா?"

ஸ்பிரிட் இல்லை. தலைவலிக்கு நெற்றியில் தடவுகிற ஓடிகொலோன் இருந்தது. ஜெயராஜ் பேட்டரியைக் கழற்றி வைத்தான். பல்குச்சி நுனியில் பஞ்சு சுற்றி, ஓடிகொலோனில் தொட்டு, ஓட்டைக்குள் விட்டான். நடுவில் ஊசி மாதிரி ஒரு கம்பி. அதைச் சுற்றிச் சந்தனம் சிமெண்டாக இறுகியிருந்தது. அவன் விரல் தடியாக இருந்ததால் குச்சி சரியாகத் திரும்பவில்லை.

"உன்ர விரல் பெரிசு. இஞ்ச தா" என்று புனிதவதி வாங்கிக்கொண்டாள். ஊசியில் நூல் கோர்த்துப் பழகிய கை. அவன் டார்ச் பிடிக்க, அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்ட, மஞ்சள் துணுக்குகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அவன் அவற்றைத் தன் கைக்குட்டையில் ஏந்தினான். வயரின் முனையையும் அதிலேயே துடைத்தான். குசினி முழுக்கக் கோயில் வாசமும் ஓடிகொலோன் வாசமும் கலந்து அடித்தது.

கூடத்தில் கார்த்திகேசு செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். பழுது பார்க்கிற இடத்தில் என்ன சிரிப்பு? நவராத்திரி தொடங்கியதிலிருந்து புனிதம் இந்த வீட்டில் சிரித்ததே இல்லையே. அதை நினைத்ததும் அவருக்கே மனது ஒருமாதிரி ஆகிவிட்டது.

நன்றாகக் காயவிட்டு, பேட்டரியைப் போட்டு, லேப்டாப்பைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஜெயராஜ் வயரைச் செருகினான். முனை 'டக்' என்று முழுசாக உள்ளே போய் உட்கார்ந்தது.

பச்சை விளக்கு எரிந்தது.

"எரியுது! எரியுதும்மா!" ரமணி புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்து குதித்தாள். திரை கறுப்பாக இருந்து, யோசித்து, முனகி, கடைசியில் வெளிச்சமாகியது. படங்கள் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன.

"புனிதம், அவரிட்ட கேள். என்ன ஃபால்ட்?"

புனிதவதி ஜெயராஜைப் பார்த்தாள்.

"தூசு, அங்கிள்" என்றான் ஜெயராஜ் நேராகவே. "ஃபேக்டரிப் பக்கம் போற மெஷின். தூசு உள்ள போய் அடைச்சிருச்சு."

"ம்" என்றார் கார்த்திகேசு. அவன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த கார்ச் சாவியை எடுத்தார்.

"புனிதம், அவளிட்டச் சொல்லு, வண்டியில ஏறச் சொல்லி. அவரையும் வரச் சொல்லு. வழியில திரும்பவும் 'தூசு' அடைச்சாலும் அடைக்கும்."

*

ஃபெடரல் ஹைவேயில் லோரிகளுக்கு நடுவில் பழைய சாகா கார் போய்க்கொண்டிருந்தது. முன்னால் கார்த்திகேசுவும் புனிதவதியும். பின்னால் ரமணியும் ஜெயராஜும், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு மரியாதையான இடைவெளி. ரமணியின் மடியில் பட்டுத்துணியில் சுற்றிய லேப்டாப். சந்தன வாசம் கண்ணாடியை இறக்கியும் போகவில்லை.

மேருவில் தொழிற்சாலை வாசலில் ரமணி இறங்கினாள்.

"அம்மா, போயிட்டு வரேன்னு சொல்லுங்க."

"முருகனை நினைச்சுக்கொண்டு போகச் சொல்லு" என்றார் கார்த்திகேசு ஸ்டீயரிங்கிடம்.

வாசலுக்கு எதிரே தகரக் கூரை போட்ட ஒரு கோப்பிக் கடை இருந்தது. மூன்று பேரும் போய் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். கார்த்திகேசு தனக்குப் பால் போடாத கோப்பி ஓவும் மற்ற இரண்டு பேருக்கும் நுரைக்க ஆற்றிய பால் டீ, தே தாரேக்கும் சொன்னார். வந்தவனுக்கு என்ன வேண்டும் என்று மனைவி வழியாகக் கேட்கவில்லை. அவரே சொல்லிவிட்டார். புனிதவதி அதைக் கவனித்தாள்.

அடுத்தது இடி மாதிரி வந்தது.

"தம்பி."

ஜெயராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அங்கிள்?"

"சட்டைப் பையில இருக்கிற கைலேஞ்சியைக் காட்டு."

ஜெயராஜ் கைக்குட்டையை எடுத்து மேசையில் வைத்தான். அது முழுக்க மஞ்சள் திட்டுத் திட்டாக இருந்தது.

"ஃபேக்டரித் தூசு மஞ்சளாவோ இருக்கும்? கந்தசாமி கோயில் வாசம் வேற அடிக்குது."

புனிதவதிக்குத் தேத்தண்ணி புரையேறியது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்து, எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். நாலு பக்கப் பொட்டு, வட்ட ஓட்டை, பல்குச்சி, ஓடிகொலோன், ஒன்றையும் விடவில்லை. கடைசியில், "நான் செய்த பிழைக்கு என்ர பிள்ளையைத் தண்டிச்சுப்போடாதீங்கோ" என்று சொல்லிவிட்டு முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள்.

கார்த்திகேசு சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மீசை, பிறகு தோள், பிறகு வயிறு. பக்கத்து மேசை லோரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓட்டைக்குப் பொட்டு வைச்சவள் நீ. புதுச் சாமான் இறுக்கமா இருக்குமெண்டு சொன்னவன் நான். நல்ல சோடி." சிரித்து ஓய்ந்து, ஜெயராஜ் பக்கம் திரும்பினார். "நீ ஏன் பொய் சொன்னனீ?"

"ஆன்டியை அவங்க வீட்டுலயே தலைகுனிய வைக்கறது நல்லாவா இருக்கும் அங்கிள்? அதுவும் நல்ல நாள்ல."

"நாளைக்கு என்ர மகள் ஒரு பிழை விட்டாலும் இப்பிடித்தான் மூடி மறைப்பியோ?"

"அதுக்கு வழியே இல்ல அங்கிள். அவங்க பிழை விட்டா அவங்களே முதல்ல சொல்லிடுவாங்க. நமக்கு வேலையே வைக்க மாட்டாங்க."

கார்த்திகேசு மறுபடி சிரித்தார். இந்தத் தடவை சிரிப்பு சீக்கிரம் நின்றது. கோப்பியைக் கலக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "அவள் வேற வீட்டுக்குப் போய், அங்க ஒரு பிழை விட்டு, நாலு பேருக்கு முன்னால குனிஞ்சு நிப்பாளோ எண்டதுதான் எனக்குப் பயம். பிரிக்ஃபீல்ட்ஸில பொடியங்கள் இல்லையோ எண்டு நான் கேட்டது சும்மா. இந்தப் பயத்தைத்தான் என்னால சொல்லத் தெரியேல்லை."

புனிதவதி முந்தானையை விலக்கிப் புருஷனைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவர் பயம் என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

அப்போது எதிரே தொழிற்சாலைக் கதவு திறந்தது. ரமணி வெளியே வந்தாள். லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலை குனிந்து நடந்து வந்தாள். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கார்த்திகேசுவால் பொறுக்க முடியவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, சாலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்.

"பிள்ளை! லைட் எரிஞ்சுதோ?"

ரமணி அப்படியே நின்றுவிட்டாள். ஒரு லோரி நடுவில் கடந்து போயிற்று. அது போனபிறகு பார்த்தால் அவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றாள்.

"எரிஞ்சுதுப்பா! நல்லா எரிஞ்சுது! பெட்டி அவங்களுக்குப் பிடிச்சிருக்குப்பா! அடுத்த மாசத்துல இருந்து நம்ம பெட்டிதானாம்!" சாலையைக் கடந்து ஓடிவந்தாள். "அப்பா, உள்ள இருந்த மேனேஜர் அம்மா கேக்கறாங்க, இந்தக் கம்ப்யூட்டர் மட்டும் ஏன் இவ்வளவு வாசமா இருக்குன்னு. நான் என்னத்தைச் சொல்ல? எனக்கே தெரியல லா!"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரமணிக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா தன்னிடம் பேசிவிட்டார் என்பது மட்டும்தான் புரிந்தது. அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் அவள் தலையில் கையை வைத்து, "இரு, இரு, கோப்பி கொட்டப்போகுது" என்றார்.

அவளை உட்காரவைத்து, இன்னொரு தே தாரேக் சொல்லிவிட்டு, கார்த்திகேசு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"விஜயதசமிக்குப் பதில் சொல்லுறன் எண்டு சொன்னனான். சொன்ன சொல் மாற மாட்டன். தம்பி, வாற வெள்ளிக்கிழமை உன்ர அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கட வீட்டுக்கு வா. பெரியாக்கள் பேச வேண்டியதைப் பேசுவம்."

புனிதவதி கையெடுத்துக் கும்பிட்டாள். ரமணி மேசைக்கு அடியில் ஜெயராஜின் காலை ஒரு மிதி மிதித்தாள், சந்தோஷத்தில்.

ஜெயராஜ் அசையவில்லை. வாய்க்குக் கொண்டுபோன தே தாரேக் பாதி வழியில் நின்றது. காலையில் அந்தப் பச்சை விளக்கு எரியாதபோதுகூட அவன் முகம் இப்படி இருக்கவில்லை.

"என்ன ஜெய்?" என்றாள் ரமணி.

அவன் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தான். கார்த்திகேசுவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் புனிதவதியின் பக்கம் திரும்பினான்.

"ஆன்டி... அங்கிள்கிட்ட கொஞ்சம் சொல்லுங்க. எங்கம்மாகிட்ட நான் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லலன்னு."